லேப் கோட்டும் சாமிக் கயிறும்

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த பிள்ளைகள் பெட்டி கட்டும் நேரம் இது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலும் அதே பேச்சுதான். மலேசியாவில் நம் சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றுத் தோட்டங்களிலிருந்தும் நுண்ணுயிரியல் படிக்கக் கிளம்பும் பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள், அவர்களைப் பெற்றவர்களும் எழுதியிருக்கிறார்கள். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்குக் கிருமி வளர்க்கும் அகார் கூழைக் காய்ச்சித் தட்டில் ஊற்றியே வேலைக்காலத்தைக் கழித்தவள் நான் என்று தெரிந்துதான் கேட்கிறார்கள். அதனால் மாமியார் பஞ்சாயத்தும் நிலப் பட்டா பஞ்சாயத்தும் அடுத்த இதழில்.

கேள்வி: அக்கா, என் மகளுக்கு ஓரியண்டேஷன் அட்டவணையோடு ஆய்வுக்கூட விதிகள் என்று ஒரு தாள் வந்திருக்கிறது. கையில் கயிறு, வளையல், மோதிரம் எதுவும் கூடாதாம். ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலில் வேண்டிக்கொண்டு கட்டிய கயிறு அவள் கையில் இருக்கிறது. கழற்ற மனம் வரவில்லை. விபூதி பூசினாலும் தடுப்பார்களா? – ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: விபூதி பூசட்டும், பொட்டு வைக்கட்டும், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கயிறுதான் சிக்கல், அதுவும் மணிக்கட்டில் இருப்பதால்தான். நூல் ஈரத்தை இழுக்கும். கையை எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் முடிச்சுக்குள் சோப்பு போகாது. தட்டைத் திறந்து வேலை செய்யும்போது கயிற்று நுனி அகாரைத் தொட்டுவிட்டு வரும். போதாததற்கு மேசையில் பன்சன் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். இந்த விதி நம் பிள்ளைகளைக் குறிவைத்து எழுதியதும் அல்ல. தூடோங் என்னும் முக்காடு போடும் பிள்ளைகளையும் அதன் நுனியை லேப் கோட்டுக்குள் செருகிக்கொள்ளத்தான் சொல்வார்கள். கைக்கடிகாரத்தையும் கழற்றச் சொல்வார்கள்.

கயிற்றை முழங்கைக்கு மேலே கட்டிவிடுங்கள். முழுக்கைச் சட்டைக்கும் கோட்டுக்கும் உள்ளே அது பத்திரமாக இருக்கும். இடுப்பில் கட்டினாலும் சரி. கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே, உங்கள் கையாலேயே மாற்றிக் கட்டி அனுப்புங்கள். அங்கே போய் இருபது பேர் முன்னால் கத்தரிக்கோலைத் தேடும் நிலைமை அவளுக்கு வேண்டாம்.

தலையில் பூ வேண்டாம். நீளமான முடியைப் பின்னிப் பின்னால் தொங்கவிட்டால் போதாது, குனிந்தால் முன்னால் விழும். கொண்டை போடப் பழக்குங்கள். கண்ணில் லென்ஸ் போடுகிறவள் என்றால், ஆய்வுக்கூட நாள்களில் கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது.

கேள்வி: தங்கச்சி, என் பையன் கிருமி படிப்பு படிக்கப் போகிறான். அவன் அம்மாவுக்கு இரவில் தூக்கம் இல்லை. நிப்பா காய்ச்சல் வந்த காலத்தைப் பார்த்தவர்கள் நாங்கள். அந்த மாதிரிக் கிருமியையெல்லாம் இவன் கையில் கொடுப்பார்களா? விடுமுறைக்கு வரும்போது வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுவானா? – ஒரு தகப்பன், செம்பனை மில் தொழிலாளி

பதில்: அண்ணே, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. 1998 கடைசியில் அந்தக் காய்ச்சல் கிளம்பியது நமக்குப் பக்கத்துக் கிந்தாவில்தான். முதலில் அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசு மருந்து அடித்தார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதுக் கிருமியைப் பிரித்தெடுத்த பிறகுதான் எதிரி கொசு இல்லை, பன்றிப் பண்ணையிலிருந்து வருகிறது என்று தெளிவானது. நாடு முழுக்க 265 பேருக்கு நோய், 105 பேர் இறந்தார்கள். கண்டுபிடித்ததும் அடக்கியதும் நுண்ணுயிரியல் படித்தவர்கள்தான் என்பதையும் அவன் அம்மாவிடம் சொல்லுங்கள்.

நிப்பாவை உங்கள் பையன் கையில் தர மாட்டார்கள். கிருமிகளை ஆபத்தைப் பார்த்து நான்கு வகுப்பாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நிப்பா நான்காவது வகுப்பு. காற்றுக்கூட வடிகட்டாமல் வெளியேற முடியாத கட்டடத்தில், காற்றடைத்த முழு உடுப்போடு வேலை செய்கிறவர்களுக்கானது அது. முதலாமாண்டுப் பிள்ளைக்குக் கிடைப்பது முதல் வகுப்பு: ரொட்டி ஈஸ்ட், மண்ணில் எங்கும் கிடக்கும் பசில்லஸ் சப்டிலிஸ், ஆய்வுக்கூடத்திலேயே தலைமுறை தலைமுறையாக வளர்ந்து குடலில் ஒட்டும் சாமர்த்தியத்தை இழந்துவிட்ட ஈ. கோலை. உங்கள் வீட்டுச் சமையல் துணியில் இருப்பது இவற்றைவிட முரட்டுக் கூட்டம்.

வீட்டுக்கு ஏதாவது வருமென்றால் அது கைப்பேசியில்தான் வரும். கையுறை போட்ட கையோடு வாட்ஸ்அப் பார்ப்பது, அதே போனைச் சாப்பாட்டு மேசையில் வைப்பது, இதைத்தான் கண்டிக்க வேண்டும். போன் பைக்குள், பை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே லாக்கரில். கிளம்பும்போது கையுறையைக் கழற்றிவிட்டு சோப்புப் போட்டுக் கை கழுவினால் நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பையனுக்கு நீரிழிவு, ஆஸ்துமா, ஸ்டீராய்டு மருந்து, ஏதாவது இருந்தால் ஓரியண்டேஷனில் கொடுக்கும் உடல்நலத் தாளில் ஒளிக்காமல் எழுதச் சொல்லுங்கள். இடம் பறிபோய்விடும் என்று பயந்து நம் ஆட்கள் மறைக்கிறார்கள். எழுதினால் எந்தப் பயிற்சியில் கூடுதல் கவனம் வேண்டும் என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

கேள்வி: அக்கா, நான் சைவம். சீனியர் அக்கா ஒருத்தர் சொன்னார், கிருமி வளர்க்கும் அகாரில் மாட்டிறைச்சிச் சாறு இருக்கிறதாம், இன்னொன்றில் ஆட்டு ரத்தமாம். வீட்டில் சொன்னால் படிப்பே வேண்டாம் என்பார்கள். உண்மையா? – புது மாணவி

பதில்: உண்மைதான் கண்ணு. நியூட்ரியன்ட் அகார் என்று எல்லாரும் முதலில் தொடும் ஊடகத்தில் மாட்டிறைச்சிச் சாறும் பெப்டோன் என்னும் உடைத்த புரதமும் இருக்கும். பிளட் அகாரில் பொதுவாக நூற்றுக்கு ஐந்து பங்கு ஆட்டு ரத்தம். அகாரைக் காய்ச்சி ஆறவைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகுதான் ரத்தத்தைக் கலப்பார்கள். முன்னாலேயே ஊற்றினால் ரத்தம் வெந்து சாக்லேட் நிறமாகிவிடும். அதையும் வேண்டுமென்றே செய்து ஒரு தனி அகாராக வைத்திருக்கிறார்கள், சில கிருமிகளுக்கு அதுதான் பிடிக்கும்.

நீ சமாளிக்கும் வழியைச் சொல்கிறேன். மாட்டிறைச்சிச் சாறு உன் கைக்கு இறைச்சியாக வராது. புட்டியில் மஞ்சள் பழுப்பாகத் தூள் வரும், மால்ட் பானத் தூள் மாதிரி. அதை நிறுப்பது பெரும்பாலும் என்னைப் போன்ற ஆய்வுக்கூட ஊழியர்கள். உன் முன்னால் வருவது ஊற்றி உறைந்த தட்டு, உன் கையில் கையுறை. அந்த அறையில் யாரும் எதையும் வாயில் வைக்கப்போவதில்லை. பால், சோயா புரதத்திலிருந்து செய்யும் டிரிப்டிக் சோய் அகாரும், பூஞ்சைக்கு உருளைக்கிழங்கு அகாரும் உண்டு. நிறைய பயிற்சிகளுக்கு அவையே போதும். முதல் வாரத்திலேயே ஆய்வுக்கூடப் பொறுப்பாளரிடம் தனியாகப் போய்ச் சொல்லு, வகுப்பு நடுவில் கை தூக்காதே. முடிந்த இடத்தில் மாற்றிக் கொடுப்பார்கள். சில இடத்தில் முடியாது. நோய்க் கிருமி படிக்கும் ஆண்டில் பிளட் அகார் இல்லாமல் ஆகாது, ரத்தச் செல்லைக் கிருமி உடைக்கிறதா என்று பார்ப்பதே அங்கு பாடம்.

இந்தக் கவலை உனக்கு மட்டும் என்று நினைக்காதே. பெப்டோன் சில பன்றித் திசுவிலிருந்தும் வரும். உன் பக்கத்து மேசை மலாய்ப் பிள்ளையும் புட்டியின் லேபிளைத் திருப்பித் திருப்பிப் படிப்பாள். இரண்டு பேரும் சேர்ந்தே போய்க் கேளுங்கள்.

வீட்டில் சொல்ல ஒரு கதை தருகிறேன். கிருமியை முதலில் ஜெலட்டினில்தான் வளர்த்தார்கள், அது எலும்பும் தோலும் காய்ச்சி எடுப்பது. 37 டிகிரி சூட்டில் வைத்தால் உருகிக் குழம்பாகிவிடும், சில கிருமிகள் அதையே தின்று தண்ணீராக்கிவிடும். 1881 வாக்கில் ஜெர்மனியில் கிருமி ஆராய்ச்சியாளர் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் இருந்த வால்டர் ஹெஸ்ஸே இதோடு மல்லாடிக்கொண்டிருந்தபோது, அவர் மனைவி ஃபேனி ஹெஸ்ஸேதான் ஜெல்லி செய்யப் பயன்படுத்தும் அகாரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். ஜாவாவில் இருந்துவந்த அண்டை வீட்டாரிடம் அந்த அம்மா கற்ற சமையல் அது. சுங்கை சிப்புட் கடைத்தெருவில் கட்டுக் கட்டாகத் தொங்குகிறதே, அதே கடற்பாசிப் பொருள். சுத்த சைவம். 85 டிகிரிக்கு மேல் சூடாக்கினால்தான் உருகும், பிறகு 40க்குக் கீழ் வரும்வரை உறையாது. ஃபேனி அம்மாவுக்குக் காசும் வரவில்லை, கட்டுரையில் பெயரும் வரவில்லை.

கேள்வி: அக்கா, ஓரியண்டேஷன் வாரம் முழுக்க விடியற்காலையிலிருந்து நள்ளிரவு வரை கோஷம், உடற்பயிற்சி, தாக்லிமாட் என்னும் விளக்கக் கூட்டம் என்று இழுக்கிறார்கள் என்று அண்ணன் சொன்னான். அதில் துறை நடத்தும் ஆய்வுக்கூட அறிமுகம் கடைசி நாள் மதியம். அந்த நேரம் தூங்கிவிடலாம், கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்கிறான். சரியா? – புது மாணவன்

பதில்: உன் அண்ணன் வேறு துறை என்று நினைக்கிறேன். தம்பி, கோஷம் போடும்போது வேண்டுமானால் தூங்கு. அந்த மதியம் தூங்காதே. அந்த வாரத்தில் உனக்கென்று இருப்பது அது ஒன்றுதான்.

கையெழுத்துப் போடும் தாளில் "விதிகளைப் படித்தேன், புரிந்துகொண்டேன்" என்று இருக்கும். நாளைக்கு நீ எரிவாயுக் குழாயை மூடாமல் போனால் அந்தத் தாளைத்தான் எடுத்து உன் முன் வைப்பார்கள். ஆகவே படி. கண் கழுவும் குழாய் எங்கே, தீயணைப்புப் போர்வை எங்கே, உடைந்த கண்ணாடி எந்த டப்பாவில், கிருமி பட்ட தட்டு எந்தப் பையில் என்று அறையைச் சுற்றி வந்து தொட்டுப் பார். ஏதாவது சிந்தினால் உடனே துடைக்காதே. மேலே டிஷ்யூ போட்டு மூடி, நீர்த்த குளோரின் கரைசலை ஓரத்திலிருந்து நடுவுக்கு ஊற்றி, இருபது நிமிடம் விட்டுத்தான் அள்ள வேண்டும். அவசரப்பட்டுத் துடைத்தால் மேசை முழுக்கப் பரப்பிவிடுவாய்.

அப்புறம் லூப்பை, அதாவது கிருமியை அள்ளும் வளைய நுனிக் கம்பியை, எப்படிப் பிடிப்பது என்று காட்டுவார்கள். பின்னால் நின்று எட்டிப் பார்க்காதே, முன்னால் போ. கம்பியை முதலில் நெருப்பின் உள்ளே நீலக் கூம்பில் மெல்லச் சூடேற்றுவார்கள். எடுத்த எடுப்பில் மேல் நெருப்பில் காட்டினால் கம்பியில் ஒட்டியிருக்கும் கிருமி பொரிந்து தெறிக்கும். பிறகு மேலே ஏற்றி, கம்பி முழுக்கச் செக்கச் சிவக்கவிட்டு, ஆறவிடுவார்கள். ஆறாமல் குழாய்க்குள் விட்டால் "சுர்" என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால் நீ கிருமியை அள்ளவில்லை, அவித்துவிட்டாய், கொஞ்சத்தைக் காற்றிலும் விட்டுவிட்டாய். குழாயின் மூடியை லூப் பிடித்த அதே வலது கையின் சுண்டுவிரலால் திருகி எடுத்து, அங்கேயே மடக்கி வைத்திருக்க வேண்டும். மேசையில் வைக்கக்கூடாது. குழாய் வாயை நெருப்பில் ஒரு காட்டு, லூப்பை உள்ளே விடு, எடு, மறுபடி வாயைக் காட்டு, மூடு. முதல் வாரம் சுண்டுவிரல் சொன்னபடி கேட்காது. ஹாஸ்டலில் மினரல் வாட்டர் போத்தலை வைத்துப் பழகு. சிரிப்பவன் சிரிக்கட்டும்.

தட்டில் கோடு இழுக்கும்போது பலம் போடாதே. பால்வெட்டுக் கத்தி பட்டையைச் சீவ வேண்டும், மரத்தில் காயம் படக்கூடாது என்பார்களே, லூப்பும் அப்படித்தான் அகாரின் மேல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். தாத்தா பாட்டி பால்வெட்டிய வீட்டுப் பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் சீக்கிரம் வருகிறது என்று எனக்கு ஒரு எண்ணம், ஆதாரம் கேட்காதே. ஒரு பகுதி இழுத்ததும் கம்பியைச் சுட்டுக்கொள், தட்டைத் திருப்பு, பழைய கோட்டின் ஓரத்தைத் தொட்டு அடுத்த பகுதியை இழு. இப்படி நான்கு பகுதி. மறுநாள் கடைசிப் பகுதியில் கிருமிக் கூட்டங்கள் ஊசித்தலை மாதிரி தனித்தனியாக நின்றால் தேறிவிட்டாய்.

பெயரையும் தேதியையும் தட்டின் அடிப்பக்கத்தில் எழுது, மூடியில் எழுதாதே. மூடி மாறிப்போனால் உன் கிருமி யாருடையதோ ஆகிவிடும். அடைகாக்கும் பெட்டியில் தட்டைக் கவிழ்த்து வை. மூடியில் கோக்கும் வியர்வை நீர் அகார் மேல் சொட்டினால் தனித்தனியாக நின்றதெல்லாம் ஒன்றாக ஓடிவிடும்.

நல்ல பெர்மனென்ட் மார்க்கர் இரண்டு வாங்கிக்கொண்டு போ. ஒன்றைக் கடன் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

கேள்வி: தமிழ்ப்பள்ளியில் படித்தவன் நான், பிறகு பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். தேர்வு. கிருமிகளின் இலத்தீன் பெயர்களைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. ஓரியண்டேஷனில் சீனியர்கள் ஐம்பது பெயர் மனப்பாடமாகக் கேட்பார்களாமே?

பதில்: கேட்டால் சிரித்துவிட்டுப் போ. மிரட்டினால், தூங்கவிடாமல் வைத்தால், உடனே ஹாஸ்டல் வார்டனிடம் சொல், பொறுத்துப் போகாதே. பெயர்கள் தட்டில் பார்த்துப் பார்த்துத் தானாக வரும். எழுதும் முறையை மட்டும் முதல் நாளே பிடித்துக்கொள்: முதல் சொல்லுக்குப் பெரிய எழுத்து, இரண்டாவதற்குச் சிறிய எழுத்து, கையால் எழுதினால் இரண்டுக்கும் அடிக்கோடு. இதற்கே மதிப்பெண் வெட்டுவார்கள்.

நம் ஊர் மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் இருக்கும் மெலியோய்டோசிஸ் கிருமியைப் பற்றிப் படிக்கும்போது ஒரு பெயரைத் தேடிப் பார். 1912இல் ரங்கூனிலிருந்து அந்த நோயை முதன்முதலில் எழுதியவர்கள் இருவர், விட்மோர், கிருஷ்ணசாமி. விட்மோர் நோய் என்று பெயர் நிலைத்தது. மற்றவரை எத்தனை பேர் நினைக்கிறார்கள்? அடுத்த ஆண்டே கோலாலம்பூரில் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் விலங்குக் கூண்டுகளில் அதே நோய் தலைகாட்டியது.

கேள்வி: இந்தப் படிப்புக்கு வேலை உண்டா? டாக்டரும் இல்லை, எஞ்சினியரும் இல்லை, கிருமி பிடிக்கவா மூன்று நான்கு வருடம் என்று மாமா கேலி செய்கிறார்.

பதில்: மாமாவைச் செம்பனை மில்லின் கழிவுநீர்க் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போ. மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பார், பரவாயில்லை. மேலே குமிழ் குமிழாக வருகிறதே, அது மீத்தேன். அடியில் காற்றில்லாத சேற்றில் நுண்ணுயிர்கள் எண்ணெய்க் கழிவைத் தின்று வெளிவிடுகிற வாயு. மில்லிலிருந்து வரும் பச்சைக் கழிவுநீரின் பி.ஓ.டி., அதாவது அந்த அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் இழுக்கும் ஆக்சிஜன் அளவு, லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம் இருக்கும். அதை அப்படியே ஆற்றில் விட்டால் மீன் மூச்சுவிட ஆக்சிஜன் மிஞ்சாது. 1977இல் மில்களுக்கான சுற்றுச்சூழல் விதிகள் வந்து, படிப்படியாக 100 மில்லிகிராமுக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். அந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது குளத்து நுண்ணுயிர்தான், அதைப் பட்டினி போடாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இப்போது பல மில்களில் குளத்தை மூடி அந்த வாயுவில் மின்சாரம் எடுக்கிறார்கள்.

ரப்பர் பாலும் அப்படித்தான். மங்கில் விட்ட பால் தானாகக் கட்டியாவது கிருமி அதைப் புளிக்கவைப்பதால். கையுறைத் தொழிற்சாலைக்குப் போகும் பால் புளிக்காமல் இருக்க அம்மோனியா சேர்ப்பதும், எந்த அளவு புளித்திருக்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் அளப்பதும் தினசரி வேலை. உணவுத் தொழிற்சாலை, குடிநீர், மருந்துக் கம்பெனி என்று இன்னும் உண்டு.

ஆனால் ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள். அரசு மருத்துவமனையில் ரத்தம் சோதிக்கும் தொழில்நுட்பர் வேலைக்கு இது நேர்வழி இல்லை. அதற்குத் தனிப் படிப்பும் 2016 துணைச் சுகாதாரத் தொழில் சட்டத்தின்கீழ்ப் பதிவும் வேண்டும். அந்த வேலைதான் உன் ஆசை என்றால், சேரும் முன்பே துறையில் கேட்டுத் தெளிவாகு. பட்டம் வாங்கிய பிறகு வந்து அழுதவர்கள் உண்டு.

கேள்வி: லேப் கோட்டை எங்கே வாங்குவது, எப்படித் துவைப்பது? மகன் வார இறுதியில் ரயிலேறி வந்துவிடுவான், அழுக்குத் துணியெல்லாம் எனக்குத்தான்.

பதில்: பருத்தி கலந்த, முழுக்கை, முழங்கால் வரை வரும் கோட்டாக இரண்டு வாங்குங்கள். சுத்த பாலியஸ்டர் வேண்டாம், தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். பொத்தான் இழுத்தால் திறக்கிற அழுத்துப் பொத்தானாக இருந்தால் நல்லது. கோட்டைப் போட்டுக்கொண்டு கேண்டீனுக்கும் போகக்கூடாது, ரயிலும் ஏறக்கூடாது. தனிப் பையில் சுருட்டிக் கட்டிக் கொண்டு வரட்டும். மற்ற துணியோடு போடாமல் தனியாக, சுடுதண்ணீரில் துவைத்து, நல்ல வெயிலில் காயப்போட்டு, இஸ்திரி போடுங்கள். பயிற்சியில் ஏதாவது சிந்திய கோட்டை வீட்டுக்கே கொண்டு வரக்கூடாது. அங்கேயே ஆட்டோகிளேவ் என்னும் அழுத்த ஆவிப் பெட்டியில் 121 டிகிரி ஆவியில் வைத்த பிறகுதான் சோப்பைத் தொட வேண்டும். இதை அவனிடம் இரண்டு தரம் சொல்லுங்கள். துவைக்கும் வேலையையும் அவனுக்கே கொடுத்துவிட்டால் ஒரு தரம் சொன்னால் போதும்.